முட்டியில் போட்ட ஊசி எதுவென்று எழுதித் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

‘ஆபரேஷன் இல்லாமல் முட்டி வலிக்குத் தீர்வு’ என்ற வாசகத்தைக் கடலூரிலும் புதுச்சேரியிலும் பார்க்காதவர்கள் குறைவு. சாலையோரப் பலகையில் இருக்கிறது. காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் உள்ளிருந்து விழும் துண்டறிக்கையிலும் இருக்கிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. முட்டித் தேய்மானத்துக்குக் கத்தி வைக்காமல் ஊசி வழியாகவே செய்யக்கூடிய சிகிச்சைகள் நான்கைந்து உண்டு. ஆளும் நேரமும் பொருந்தினால் வலி குறையவும் செய்கிறது. எங்கள் முறையீடு வேறு. முட்டியில் ஊசி போட்டுக்கொண்டவரிடம் அது என்ன ஊசி என்று கேட்டால், ‘ஐயாயிரம் ரூபாய் ஊசி’, ‘ஜவ்வு வளர்கிற ஊசி’, ‘பாண்டியில் போட்டது’ என்றுதான் பதில் வருகிறது. சீட்டு இருந்தாலும் அதில் ‘முட்டி ஊசி, வலது’ என்பதற்கு மேல் பல நேரம் ஒன்றும் இருப்பதில்லை. மருந்தின் பெயர், அளவு, போட்ட தேதி ஆகிய மூன்றும் தெரியாமல் அடுத்து வரும் மருத்துவர் எதையும் ஒழுங்காகத் திட்டமிட முடியாது. ஏன் என்பதை ஒவ்வொரு சிகிச்சை முறையாக எடுத்துச் சொல்கிறோம். கடிதம் நீண்டால் பொறுத்தருள வேண்டும்.

ஊசிக்கு முன்னால் ஒரு விஷயம். முட்டியில் வலித்தால் கோளாறும் முட்டியில்தான் என்று முடிவு கட்டக் கூடாது. இடுப்பு மூட்டு கெட்டால் வலி தொடை வழியாக இறங்கி முட்டியில் தெரியும். மல்லாந்து படுத்து, காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் தள்ளித் தொடையை உள்பக்கமாகத் திருப்பும்போது கவட்டையில் பிடித்தால், படம் எடுக்க வேண்டியது இடுப்பை. கீழ்முதுகில் நரம்பு அழுந்தினாலும் முட்டி வலிக்கும். முட்டியின் உள்பக்கம், மூட்டு இடுக்குக்கு இரண்டு மூன்று விரல் கீழே, ஒரே இடத்தில் விரல் வைத்தால் துள்ளுகிற வலி என்றால், தசைநாண்கள் எலும்பில் வந்து ஒட்டும் இடத்திலுள்ள சிறு நீர்ப்பை அழன்றிருக்கலாம். அதற்கு மூட்டுக்குள் எந்த ஊசி போட்டாலும் வீண். காய்ச்சலோடு முட்டி சிவந்து, சூடாகி, வீங்கி, காலை அசைக்கவே விடவில்லை என்றால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் அழற்சியை அடக்கும் மருந்தான ஸ்டீராய்டைப் போட்டால் மூட்டையே இழக்க நேரிடும்.

எக்ஸ்ரேயை நிற்க வைத்து எடுக்கச் சொல்லுங்கள். படுக்க வைத்து எடுத்த படத்தில் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே இடைவெளி தாராளமாக இருப்பது போலத் தோன்றும். உடல் எடை இறங்கும்போதுதான் குருத்தெலும்பு எவ்வளவு மிச்சம் என்பது தெரியும். 1957இல் கெல்கிரென், லாரன்ஸ் இருவரும் வகுத்த 0 முதல் 4 வரையான தேய்மானத் தர வரிசைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 2 என்றால் எலும்பு ஓரத்தில் முள் தெளிவாக முளைத்திருக்கிறது, இடைவெளி குறையத் தொடங்கியிருக்கலாம். 3 என்றால் இடைவெளி குறைந்தது உறுதி. 4 என்றால் எலும்போடு எலும்பு கிட்டத்தட்ட உரசுகிறது. இந்த எண் சீட்டில் இருக்க வேண்டும். ஏனென்றால் கீழே சொல்லப்போகும் ஊசிகளில் சில 2, 3க்கு மட்டுமே பொருந்தும். 4க்குப் போட்டால் பணம்தான் போகும்.

எம்ஆர்ஐ எடுத்து ‘ஜவ்வு கிழிந்திருக்கிறது’ என்று அறிக்கை வந்ததும் பயந்துபோகிறவர்கள் அதிகம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரத்தில் 50 வயதைக் கடந்தவர்களுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், மெனிஸ்கஸ் எனும் அந்த ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதத்தினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ இருக்கவே இல்லை. அந்த வயதில் கிழிசல் நரைமுடி போன்றது. நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயும் கை வைத்துப் பார்க்கிற பரிசோதனையும் முடியும் முன்பே எம்ஆர்ஐ எழுதித் தந்தால், எதற்கு என்று கேட்பதில் தவறில்லை.

இனி ஊசிகள். பெயர் தெரியாவிட்டாலும் நிறத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். பால் போல வெள்ளையாகக் கலங்கி இருந்தால் அநேகமாக ஸ்டீராய்டு. கண்ணாடி போலத் தெளிவாக, குழாயிலிருந்து மெதுவாக இறங்கும் அளவுக்குக் கனமாக இருந்தால் ஜெல். முதலில் உங்கள் கையிலிருந்து ரத்தம் எடுத்து, கொஞ்ச நேரம் கழித்து மஞ்சளாக ஒன்றைக் கொண்டுவந்து போட்டால் பிஆர்பி, அதாவது தட்டணுக்கள் செறிந்த ரத்த நீர். ஊகத்தை வைத்துக்கொண்டு அடுத்த ஊசியைப் போட முடியாது என்பதால்தான் எழுத்தில் கேட்கிறோம்.

ஸ்டீராய்டு ஊசியில் வழக்கமான அளவு ஒரு முட்டிக்கு 40 மி.கி. ட்ரையாம்சினோலோன், அல்லது 40 முதல் 80 மி.கி. மெத்தில் பிரெட்னிசோலோன். அதோடு மரத்துப்போகும் மருந்தான லிக்னோகேயினும் சில மி.லி. சேரும். தோலைக் கிருமிநாசினியால் துடைத்து அது காயும்வரை காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் துடைத்ததன் பயன் பாதிதான். முட்டிச் சில்லின் மேல் வெளி ஓரத்திலிருந்து ஊசியை நுழைப்பது பலருடைய வழக்கம். உள்ளே நீர் கோத்திருந்தால் முதலில் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். வந்த நீர் இளமஞ்சளாகத் தெளிவாக இருந்தால் மேலே போகலாம். கலங்கி இருந்தால் மருந்தைப் போடாமல் நீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மருந்தைத் தள்ளும்போது தடையில்லாமல் இறங்க வேண்டும். அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் ஊசி முனை மூட்டுக்குள் இல்லை, கொழுப்பிலோ நாணிலோ நிற்கிறது என்று பொருள். மருந்து வெளியே தோலடியில் தங்கினால் அந்த இடத்தில் தோல் வெளுத்துக் குழி விழும். கறுத்த தோலில் அது நன்றாகவே தெரியும்.

இந்த ஊசியின் பலன் சில வாரங்களுக்குத்தான். சிலருக்கு மூன்று மாதம் வரை போகும். அதே முட்டியில் மறுபடி போட மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும். விபரீதம் இங்கேதான் நடக்கிறது. கடலூரில் ஒரு மாதம், வலி திரும்பியதும் புதுச்சேரியில் ஒரு மாதம், உறவினர் சொன்னார் என்று விழுப்புரத்தில் இன்னொன்று என்று போட்டுக்கொள்பவருக்கு இடைவெளியை யார் கணக்கு வைப்பது? மாநில எல்லையைத் தாண்டினால் ஒரு மருத்துவமனையின் பதிவு இன்னொன்றுக்குத் தெரிய வழியில்லை. 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை 40 மி.கி. ட்ரையாம்சினோலோன் போட்டவர்களுக்கு, வெறும் உப்புநீர் போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்தது. வலியிலோ இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒழுங்கான இடைவெளி விட்டுப் போட்டதற்கே இந்த நிலை. வீக்கத்தோடு வலி உச்சத்தில் இருக்கும்போது ஓரிரு முறை போடுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. மாதாந்திரச் சந்தா போலப் போடுவதைத்தான் எதிர்க்கிறோம்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியே ஒரு வார்த்தை. முட்டியில் போடுகிற ஸ்டீராய்டு ரத்தத்திலும் கலக்கும். ஊசி போட்ட மறுநாளிலிருந்து சில நாட்கள் சர்க்கரை ஏறும். ஒரு வாரமாவது வீட்டில் காலையும் மாலையும் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. இரண்டு முட்டியிலும் ஒரே நாளில் போட்டால் மருந்தளவு இரட்டிப்பு, ஏற்றமும் அதற்கேற்ப இருக்கும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருந்தால், அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் அந்த முட்டியில் ஸ்டீராய்டு ஊசி கூடாது. போட்டால் புது மூட்டில் கிருமித்தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. சீட்டில் பெயரும் தேதியும் இல்லாவிட்டால் அறுவை மருத்துவருக்கு இது எப்படித் தெரியும்?

ஊசி போட்ட இரண்டு நாளுக்குள் கொஞ்சம் வலி கூடித் தானே அடங்குவது உண்டு. ஐஸ் ஒத்தடம் போதும். இரண்டு மூன்று நாள் கழிந்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூட்டில் கிருமி என்று எண்ணிக்கொண்டு ஓட வேண்டும். இது அரிது. ஆனால் ஒரு நாள் தாமதம்கூடக் குருத்தெலும்பை அரித்துவிடும்.

ஜெல் ஊசி என்பது ஹயலூரோனிக் அமிலம். மூட்டு நீரில் இயற்கையாகவே இருக்கும் பொருள். சில நிறுவனங்களுடையது வாரம் ஒன்றாக மூன்று ஊசி, சிலது ஒரே தடவையில் 6 மி.லி. பலன் தெரிய நான்கைந்து வாரம் ஆகலாம். ‘போட்ட மறுநாளே ஓடலாம்’ என்று சொல்வது சரியல்ல. சேவலின் கொண்டையிலிருந்து எடுக்கும் வகையும் உண்டு. கோழி, முட்டை ஒவ்வாமை இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 2022இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டால் வலி குறைவது மிகச் சிறிய அளவே என்று தெரிந்தது. அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் கழகம் 2021இல் இதை வழக்கமாகப் போட வேண்டாம் என்றது. சிலருக்குக் கேட்கிறது என்பதும் உண்மைதான். எங்களைக் கேட்டால், கடன் வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஊசி இது இல்லை. ‘ஜவ்வு வளரும்’ என்று யாராவது சொல்லி விற்றால், வளர்ந்ததை எந்தப் படத்தில் காட்டுவீர்கள் என்று கேளுங்கள்.

பிஆர்பி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், இப்போது அதிகம் விற்பது இதுதான். கையிலிருந்து ரத்தம் எடுத்து, உறையாமலிருக்க மருந்து கலந்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுகிறார்கள். பல இடங்களில் இரண்டு சுழற்சி: முதலில் மெதுவாகச் சுழற்றிச் சிவப்பணுக்களைக் கீழே இறக்குவார்கள், பிறகு வேகமாகச் சுழற்றித் தட்டணுக்களைத் திரட்டுவார்கள். கிடைக்கும் சில மி.லி. மஞ்சள் திரவத்தை மூட்டுக்குள் செலுத்துவார்கள். ‘உங்கள் ரத்தம்தானே, பக்க விளைவு என்ன?’ என்பது விற்பனைப் பேச்சு. பக்க விளைவு குறைவுதான்; இரண்டு மூன்று நாள் வலியும் வீக்கமும் வரும். சிக்கல் தரத்தில். எவ்வளவு ரத்தம் எடுத்தார்கள், எத்தனை சுழற்சி, கடைசியில் தட்டணுக்கள் எத்தனை மடங்கு கூடின, வெள்ளணுக்கள் நீக்கப்பட்டனவா என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. மூன்று நான்கு மடங்கு கூடியது ஒரு மருந்து என்றால், ஒன்றரை மடங்குகூட ஆகாதது வேறொரு மருந்து. இரண்டுக்கும் ரசீதில் ஒரே பெயர்.

ஆய்வுகளும் இரண்டு பக்கமும் பேசுகின்றன. பலன் தெரிந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒன்றாக மூன்று பிஆர்பி ஊசி போட்டவர்களுக்கும் உப்புநீர் போட்டவர்களுக்கும் ஓராண்டு கழித்து வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அவர்கள் அனைவரும் தரம் 2, 3 உள்ளவர்கள். அப்படியிருக்க, தரம் 4 முட்டிக்கு மூன்று பிஆர்பி என்று மொத்தமாகக் கட்டணம் பேசுவதை எதைக் கொண்டு நியாயப்படுத்துவது?

போடுவதென்று முடிவானால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. டைக்லோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைச் சில நாள் முன்னரே நிறுத்தச் சொல்வார்கள். பின்னரும் ஓரிரு வாரம் பாரசிட்டமாலோடு சமாளிக்கச் சொல்வார்கள், அவை தட்டணுக்களின் வேலையைத் தடுக்கும் என்பதால். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினை இதற்காகத் தானாக நிறுத்தவே கூடாது. இதய மருத்துவரைக் கேட்ட பிறகுதான். டெங்கு வந்து தட்டணுக்கள் இன்னும் ஏறாதவர்கள் தள்ளிப்போட வேண்டும். மூட்டுக்குள் பிஆர்பியோடு மரத்துப்போகும் மருந்தைக் கலக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது ரேடியோ அலையால் நரம்பைச் சுடுவது. எங்கள் மதிப்பீட்டில் இந்த வரிசையிலேயே தெளிவான இலக்குள்ள முறை இதுதான். தவறாகச் செய்யவும் இதில்தான் வழி அதிகம். முட்டியின் வலியை மூளைக்குக் கொண்டுபோகும் சிறு நரம்புகள் முட்டியைச் சுற்றி எலும்பை ஒட்டி ஓடுகின்றன. அவற்றில் மூன்றைக் குறிவைக்கிறார்கள்: தொடை எலும்பின் கீழ்ப்பகுதியில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியில் உள்பக்கம் ஒன்று. கீழே வெளிப்பக்கத்தைத் தொடுவதில்லை. பாதத்தை மேலே தூக்கும் முக்கிய நரம்பு அதற்கு அருகில் போகிறது, அது சுட்டால் பாதம் தொங்கிவிடும். 2011இல் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இந்த முறை உலகெங்கும் பரவியது. தரம் 3, 4 உள்ளவர், இதயம் அல்லது நுரையீரல் காரணமாக மயக்க மருந்து தாங்காதவர், மூட்டு மாற்றிய பிறகும் காரணம் புலப்படாத வலி தீராதவர் ஆகியோருக்கு இது உதவக்கூடும்.

நேராகச் சுடக் கூடாது. முதலில் சோதனை ஊசி. ஊசி போகும் வழியை அப்போதே திரையில் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயோ அல்ட்ராசவுண்டோ பார்த்து அந்த மூன்று இடங்களிலும் மரத்துப்போகும் மருந்தை ஒவ்வொன்றுக்கும் 1 மி.லி. அளவில் போடுவார்கள். பிறகு நோயாளி வழக்கமாக வலிக்கிற வேலையைச் செய்து பார்க்க வேண்டும்: மாடிப்படி ஏற வேண்டும், உட்கார்ந்து எழ வேண்டும். கட்டிலில் படுத்திருந்துவிட்டு ‘வலி இல்லை’ என்றால் அது சோதனை ஆகாது. அடுத்த சில மணி நேரத்துக்கு, மணிக்கொருமுறை பத்துக்கு எத்தனை வலி என்று எழுதி வர வேண்டும். பாதிக்கு மேல் குறைந்தால்தான் அடுத்த கட்டம். இதில் இரண்டு கோளாறு நடக்கிறது. 1 மி.லி.க்குப் பதில் ஐந்து மி.லி. போட்டால் மருந்து சுற்றிலும் பரவி எல்லாம் மரத்து, சோதனை பொய்யாகத் தேறிவிடும். சோதனை மருந்தில் ஸ்டீராய்டைக் கலந்தால் குறைந்த வலி எதனால் குறைந்தது என்றே தெரியாது. சோதனையில் தேறி, சுட்ட பிறகு பலன் இல்லாமல் போகிறவர்களில் சிலருடைய கதை இதுதான்.

சுடும் நாளில் ஊசி முனை சரியான இடத்தில் இருக்கிறதா என்று முதலில் சிறு மின்துடிப்பு கொடுத்துப் பார்ப்பார்கள். 50 ஹெர்ட்சில் பழகிய வலியின் இடத்தில் கூச்சமோ அழுத்தமோ தெரிய வேண்டும். 2 ஹெர்ட்சில் கால் தசை துடிக்கக் கூடாது. துடித்தால் முனையை நகர்த்த வேண்டும். பிறகு ஒவ்வோர் இடத்திலும் 80 டிகிரி செல்சியஸ் வெப்பம், வழக்கமாக 90 விநாடி. முனையைக் குளிர்நீரால் ஆற்றிக்கொண்டே பெரிய வட்டத்தைச் சுடும் கருவியும் உண்டு, செலவு கூடுதல். தொடையில் ஒட்டும் மின்பட்டை முழுதாக, சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். அரைகுறையாக ஒட்டினால் அங்கே தோல் சுடும். கீழ் உள்பக்க இடத்தில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதை குறைவு, ஒல்லியானவர்களுக்கு அங்கும் தோல் சுடும் ஆபத்து உண்டு. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அப்படியே.

முடிந்த பிறகு ஓரிரு வாரம் வலி அதிகமாகத் தெரியலாம், தோலில் ஒரு திட்டு மரத்தும் இருக்கலாம். பலன் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை. நரம்பு மீண்டும் வளரும், வலி திரும்பும், மறுபடி செய்யலாம். மூட்டு அப்படியேதான் இருக்கிறது, செய்தி போகும் கம்பி மட்டும்தான் அறுந்திருக்கிறது. வலி போய்விட்டதென்று அடுத்த நாளே மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு முதுநகரிலிருந்து தெருத்தெருவாக நடப்பதும், பண்ருட்டிப் பக்கம் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து முந்திரி உடைப்பதும் தேய்ந்த மூட்டை இன்னும் தேய்க்கும்.

முட்டிக்குப் போகும் சிறு ரத்தக்குழாய்களைத் துகள்களால் அடைக்கும் முறை ஒன்றும் வந்திருக்கிறது. ஜப்பானில் தொடங்கியது. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டுச் செய்வது. நீண்டகால முடிவுகள் இன்னும் போதவில்லை. இப்போதைக்கு ஆராய்ச்சி நடக்கும் இடங்களில் மட்டும் போதும் என்பது எங்கள் கருத்து.

கேமரா விட்டு முட்டியைக் கழுவிச் சுத்தம் செய்வது (ஆர்த்ரோஸ்கோப்பி) பற்றி உறுதியாகவே சொல்லலாம். 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரிடம் நடந்த ஆய்வில், சிலருக்குத் தோலில் வெட்டு மட்டும் போட்டு உள்ளே எதுவும் செய்யாமல் தைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்தும் சுத்தம் செய்தவர்களுக்கு அவர்களைவிட வலி குறையவில்லை. 2017இல் சர்வதேச வல்லுநர் குழு, தேய்மான முட்டிக்கு ஆர்த்ரோஸ்கோப்பி வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது. துண்டு ஒன்று உடைந்து மூட்டுக்குள் சிக்கி, முட்டி நிஜமாகவே பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் அது வேறு விஷயம்.

பயிற்சி இல்லாமல் இவை எல்லாம் வாங்கித் தருவது வெறும் அவகாசம். 2020இல் வெளியான ஓர் ஆய்வில் 156 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு ஊசியும் மறு பாதிக்கு இயன்முறை சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் இயன்முறை பெற்றவர்களே வலியிலும் நடமாட்டத்திலும் மேலாக இருந்தார்கள். ஊசி போட்டு வலி அடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் தொடைத் தசைக்கு வேலை கொடுக்கத் தொடங்க வேண்டும். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 முதல் 10 விநாடி பிடிக்க வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது. பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அடுத்தது மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்து, மறு காலை முட்டி மடங்காமல் ஓர் அடி உயரம் தூக்கி மெதுவாக இறக்குவது. இரண்டு வாரம் கழித்து, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது. முடியாவிட்டால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி, வராவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பெரும்பாலோர் பத்து நாளில் விட்டுவிடுகிறார்கள். தசை தேறப் பன்னிரண்டு வாரமாவது வேண்டும்.

கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரம்தான் தடியின் பிடி இருக்க வேண்டிய உயரம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். தரையில் குந்தும் கழிப்பறைக்கு மேல் வைக்கிற பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஜெல் ஊசியின் விலையில் சிறு பங்குதான். தினம் வேலை செய்வது அது.

கடலூர் மாவட்டத்தவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய திட்டம். நடமாட முடியாதவர்கள் தங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு ஜிப்மரும் அரசு பொது மருத்துவமனையும் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், அதிகாலையிலேயே போக வேண்டும்.

இரவு தூக்கத்தைக் கெடுக்கும் வலி, நீட்டவே முடியாமல் மடங்கி நின்றுவிட்ட முட்டி, வில்லாக வளைந்துகொண்டே போகும் கால், இவை இருக்கும் தரம் 4 முட்டிக்கு ஊசி மேல் ஊசி போட்டு நாள் கடத்துவது அறுவையைக் கடினமாக்கும். 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் செயற்கை மூட்டுக்கு உச்சவரம்பு விதித்தது. அப்போது கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய். அதற்கு முன் கேள்விப்பட்ட விலையை நினைத்துக்கொண்டே இன்னும் பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். தேய்மானம் உள்பக்கத்தில் மட்டும் இருந்தால் பாதி மூட்டை மட்டும் மாற்றவும் முடியும்; முட்டியின் நடுவே குறுக்காக ஓடும் முன் தசைநார் (ஏசிஎல்) நன்றாக இருக்க வேண்டும்.

கோரிக்கைக்கு வருகிறோம். முட்டியில் எந்த ஊசி போட்டாலும் ஓர் அட்டை தர வேண்டும். எந்த முட்டி, எக்ஸ்ரேயில் எந்தத் தரம், மருந்தின் பெயர், எத்தனை மி.கி., எத்தனை மி.லி., தேதி, மறுபடி போடக்கூடிய மிக அருகான தேதி. பிஆர்பி என்றால் எடுத்த ரத்தத்தின் அளவும் தட்டணு எண்ணிக்கையும். ரேடியோ அலை என்றால் சோதனை ஊசியில் எத்தனை சதவீதம் குறைந்தது, எந்த நரம்புகள், எத்தனை டிகிரி, எத்தனை விநாடி. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி நோயாளி தன் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆகவே இது புதிதாகக் கேட்கும் சலுகையும் இல்லை. கேட்டு வாங்க வேண்டியிருப்பதை, கேட்காமலே கையில் கொடுங்கள் என்கிறோம். தமிழகத்தில் தனியார் மருத்துவமனைகளின் பதிவு மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் இருக்கிறது. கடலூருக்கு அவரும், புதுச்சேரிக்கு அங்குள்ள சுகாதாரத் துறையும் ஒரே மாதிரி அட்டையைத் தமிழில் அச்சிட்டுச் சுற்றறிக்கையோடு அனுப்பலாம். மருந்துக் குப்பியிலோ பெட்டியிலோ தொகுதி எண்ணோடு லேபிள் இருக்கிறது. அதை உரித்து அட்டையில் ஒட்டினால் பாதி விவரம் எழுத வேண்டியதே இல்லை. எக்ஸ்ரே வைத்திருக்கும் உறைக்குள் போட்டு வைக்கத் தபால் அட்டை அளவு போதும்.

இப்படிக்கு,
மூட்டு சிகிச்சையிலும் இயன்முறை சிகிச்சையிலும் பணிபுரிவோர் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.